தேயாத டயரின் தேய்மானம்



மார்கழி மாதம் டி பிளாக்கின் பின்புறக் காலி மனையில் ஒரு பழைய லாரி வந்து இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். 1965-ம் வருடத்து டாடா மெர்சிடிஸ் பென்ஸ். டி பிளாக் நண்பரின் காலஞ்சென்ற அப்பா ஓட்டிய வண்டி. நாமக்கல் பக்கத்தில் அவர்கள் தோட்டத்துக் கொட்டகையில் பல வருடம் நின்றதை, இன்னொரு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். நீண்ட பானெட்டும், முகப்பில் மூன்று முனை நட்சத்திரமுமாக அது வந்து நின்ற அன்று, நம் வளாகத்துப் பிள்ளைகள் யாரும் டியூஷனுக்குப் போகவில்லை.

பொங்கல் அன்று பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்து வளாகத்தை இரண்டு சுற்று சுற்றலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. எல்லோரும் கை தூக்கினார்கள். நான் ஒருவன் மட்டும் வேண்டாம் என்றேன். "சார், டயரைப் பாருங்க, வரி கூடத் தேயலை. புதுசு மாதிரி இருக்கு" என்றார் நண்பர். "அதுதான் தம்பி எனக்குப் பயம்" என்றேன். சிலர் சிரித்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். என் பேரன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அன்று நேரம் இல்லாததால் காரணத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. "எழுதிக் கொடுங்கள், காலாண்டிதழில் போடுகிறோம்" என்றார் செயலாளர். இது அந்தப் பதில். நான் மெக்கானிக் அல்ல. பி.காம். படித்து வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன். எனக்கும் லாரி டயருக்கும் பழக்கம் வந்தது கடன் பிரிவு மேஜையில்தான்.

வங்கிக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம்?

1969 ஜூலை 19-ல் 14 வங்கிகள் அரசுடைமை ஆயின. அதன் பிறகு முன்னுரிமைக் கடன்களில் சிறு போக்குவரத்துத் தொழிலும் சேர்ந்தது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவர்களுக்கு வங்கிக் கதவு திறந்தது. நான் 1981-ல் வேலைக்குச் சேர்ந்த கிளை, சேலம் மாவட்டத்தில் இருந்தது. அப்போது நாமக்கல்லும் சேலம் மாவட்டம்தான். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, சங்ககிரியில் திரும்பிய பக்கமெல்லாம் லாரி. எங்கள் லெட்ஜரில் பாதிக்குப் பாதி லாரிக் கணக்கு.

கடன் வாங்கிய வண்டியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆய்வு செய்ய வேண்டும். சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர், இன்ஷூரன்ஸ், வங்கியின் பெயர் வண்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகு கடைசியாக ஒரு வரி இருக்கும்: டயர்கள். முன்னால் 2, பின்னால் 4, ஸ்டெப்னி 1. ஏழு டயரின் நிலையையும் எழுத வேண்டும். லாரியில் என்ஜினை ஒரே இரவில் யாரும் மாற்ற மாட்டார்கள். ஆனால் டயரை மாற்றுவார்கள். ஆய்வுக்கு வரும் போது நல்ல டயர், மறுநாள் அதே டயர் அண்ணன் வண்டியில். இதையெல்லாம் எங்கள் மேனேஜர்தான் சொல்லிக் கொடுத்தார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். "தேய்மானம் என்று கணக்கில் எழுதுகிறோமே, லாரியில் அது கண்ணுக்குத் தெரியும் இடம் டயர்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத தேய்மானமும் அதே டயரில்தான் இருக்கிறது." அந்த இரண்டாவது வாக்கியம் புரிய எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. எப்படிப் புரிந்தது என்று பிறகு சொல்கிறேன். முதலில் சரித்திரம்.

கெட்டி ரப்பரிலிருந்து காற்றுக்கு

டயரின் கதை ரப்பரைப் பக்குவப்படுத்தியதில் தொடங்குகிறது. பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் இறுகும். அதோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகிறது என்று 1839-ல் கண்டவர் சார்லஸ் குட்இயர். நம் ஊர் பஞ்சர் கடைப் பலகையில் 'வல்கனைசிங்' என்று எழுதியிருக்கிறதே, அது இதுதான். காற்றடைத்த டயருக்கு 1845-லேயே தாம்சன் என்பவர் காப்புரிமை வாங்கினார். அது மறந்து போய், 1888-ல் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக மறுபடியும் செய்த பிறகுதான் உலகம் பிடித்துக்கொண்டது.

சைக்கிளும் காரும் காற்றுக்கு மாறிய பிறகும் லாரி மாறவில்லை. முதல் உலகப் போரில் ஓடிய லாரிகளில் பெரும்பாலானவை கெட்டி ரப்பர் பட்டையில்தான் ஓடின. பஞ்சர் ஆகாது. ஆனால் சாலையும் உடையும், வண்டியும் உடையும், டிரைவர் இடுப்பும் உடையும். அவ்வளவு பாரத்தைக் காற்று தாங்குமா என்று யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. 1917-ல் குட்இயர் கம்பெனி காற்று டயர் போட்ட லாரி ஒன்றை அமெரிக்காவில் ஆக்ரன் நகரிலிருந்து பாஸ்டன் வரை ஓட்டிக் காட்டியது. முதல் பயணத்தில் வழியெல்லாம் டயர் வெடித்தது. ஆனாலும் போய்ச் சேர்ந்தது. 1920-களில் லாரிகள் ஒவ்வொன்றாகக் காற்றுக்கு மாறின.

பழைய லாரிக்கு டயர் தேடுகிறவர்கள் முதலில் திகைப்பது அளவுக் குறியில்தான். பழைய அமெரிக்க லாரியில் 32x6 என்று இருக்கும். பிறகு வந்ததில் 7.50-20, 8.25-20, 9.00-20 என்று இருக்கும். இது எளிய கணக்கு. முதல் வகையில் 32 என்பது டயரின் மொத்த விட்டம், 6 என்பது அகலம், எல்லாம் அங்குலத்தில். டயரின் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம். ஆகவே மேலே ஒரு 6, கீழே ஒரு 6, மொத்தம் 12-ஐக் கழித்தால் ரிம்மின் விட்டம் 20. அதே போல 30x5 என்றாலும் 20, 34x7 என்றாலும் 20. இரண்டாவது வகையில் அகலமும் ரிம் விட்டமும் நேராகவே எழுதப்பட்டிருக்கும். 9.00-20 என்றால் 9 அங்குல அகலம், 20 அங்குல ரிம்.

பெயர்கள் மாறினாலும் அந்த 20 மட்டும் மாறவே இல்லை. நம் நாட்டில் இன்றைக்கும் 20 அங்குல டயர் தயாராகிறது. மேல்நாட்டில் பெரும்பாலான லாரிகள் டியூப் இல்லாத 22.5 அங்குலத்துக்குப் போய்விட்டன. அங்கே பழைய லாரி வைத்திருப்பவர்கள் டயருக்கு அலைகிறார்கள். அந்த விதத்தில் நம் டி பிளாக் நண்பர் அதிர்ஷ்டசாலி.

பால் மரமும் பஞ்சமும்

டயரைச் சேமிக்கும் பழக்கம் நம்மிடம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த செடிகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. அவற்றிலிருந்து பெருகிய தோட்டங்களில், முக்கியமாக மலாயாவில், விடியுமுன் எழுந்து மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்களில் மிகப் பலர் நம் மாவட்டங்களிலிருந்து கப்பல் ஏறிய தமிழர்கள். உலகத்து லாரிகள் ஓடிய ரப்பரில் ஒரு பெரும் பங்கு அவர்கள் கையால் வந்தது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. நேச நாடுகளுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நின்று போனது. மலாயாத் தோட்டத் தமிழர்களில் ஏராளமானோர் சயாம் ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பி வரவில்லை. இந்தப் பக்கம் மிச்சமிருந்த இலங்கை மரங்களை ஓய்வு கொடுக்காமல் சீவினார்கள். அமெரிக்காவில் ரேஷனுக்கு வந்த முதல் பொருள் சர்க்கரை அல்ல, பெட்ரோல் அல்ல, டயர்தான். டயர் தேயக்கூடாது என்பதற்காகவே அங்கே மணிக்கு 35 மைல் என்று வேகக் கட்டுப்பாடு வந்தது. இந்தியாவிலும் டயருக்கு ரேஷன் வந்தது.

மதுரையில் டிவிஎஸ் நிறுவனத்தார் பெட்ரோல் பஞ்சத்துக்குக் கரிவாயு பிளான்ட் செய்தார்கள். டயர் பஞ்சத்துக்கு ரிட்ரெடிங் செய்தார்கள். தேய்ந்த டயரின் உடல் நன்றாக இருந்தால், மேலே புது ரப்பர் ஒட்டி வேக வைத்து மறுபடியும் ஓட்டுவது. இதில் கவனிக்க வேண்டியது, 'உடல் நன்றாக இருந்தால்' என்ற நிபந்தனை. பஞ்சம் தீர்ந்த பிறகு ரிட்ரெடிங் நம்மிடம் தங்கிவிட்டது. அந்த நிபந்தனையைத்தான் பல பேர் மறந்துவிட்டார்கள்.

சிவப்பு நட்டு

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ் லாரிகள் ஏலத்துக்கு வந்தன. பலருடைய தொழில் அந்த லாரியில்தான் தொடங்கியது. அவற்றில் சில வண்டிகளின் சக்கரம் இரண்டு தட்டுகளைச் சேர்த்து நட்டு போட்டு இறுக்கியதாக இருக்கும். சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் நட்டு ஒரு வட்டம். இரண்டு தட்டுகளையும் சேர்த்துப் பிடிக்கும் நட்டு இன்னொரு வட்டம். இரண்டாவது வட்டத்துக்கு ராணுவத்தில் சிவப்பு வர்ணம் பூசுவார்கள். டயரில் காற்று இருக்கும் போது சிவப்பு நட்டில் ஸ்பானர் வைத்தால் சக்கரம் இரண்டாகப் பிளந்து முகத்தில் அடிக்கும். கை மாறி, வர்ணம் மாறிய வண்டிகளில் அந்தச் சிவப்பு அழிந்து போனது. பழைய பொருள் வாங்கும் போது அதோடு வர வேண்டிய எச்சரிக்கை வராமல் போவது இப்படித்தான்.

அதற்குள் நம் நாட்டிலேயே லாரி செய்யத் தொடங்கிவிட்டார்கள். பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி டாட்ஜ், ஃபார்கோ லாரிகளைக் கொண்டுவந்தது. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. டெல்கோ 1954-ல் ஜெர்மன் பென்ஸ் கம்பெனியோடு சேர்ந்தது. அந்தக் கூட்டு 1969 வரை நீடித்தது. அதனால்தான் நம் டி பிளாக் வண்டியில் நட்சத்திரம் இருக்கிறது.

டயரும் இங்கேயே வந்தது. டன்லப் 1936-ல் வங்காளத்தின் சாகாகஞ்சில் ஆலை திறந்தது. பிறகு அம்பத்தூரில் ஒன்று. திருவொற்றியூரில் 1946-ல் விளையாட்டு பலூன் செய்யும் கொட்டகையாக மாம்மன் மாப்பிள்ளை தொடங்கியதுதான் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி. 1952-ல் ரிட்ரெடிங்குக்கான ரப்பரும், 1960-களில் டயரும் செய்தது. இருந்தும் லாரிக்காரருக்கு டயர் விலை உயர்ந்த பொருளாகவே இருந்தது. ஆகவே அதை உயிராகப் பார்த்தார்கள்.

எப்படிப் பார்த்தார்கள் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். வண்டி நின்றதும் கிளீனர் பையன் லீவரோடு இறங்குவான். ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டு தட்டுவான். பின்னால் ஜோடியாக இருக்கும் டயரில் உள் டயர் காற்றிறங்கினால் வெளியே தெரியாது, வெளி டயரே முழு பாரத்தையும் சுமக்கும். சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பான். ஜோடி டயருக்கு நடுவில் கல் சிக்கியிருந்தால் நெம்பி எடுப்பான். ஜோடி சேர்க்கும் போது இரண்டும் ஒரே உயரமா என்று நூல் பிடித்துப் பார்ப்பார்கள். அரை அங்குலம் கூடினால் உயர்ந்த டயரே எல்லாச் சுமையும் தாங்கிச் சீக்கிரம் போகும். டியூப்புக்குப் பவுடர் தடவுவார்கள். டியூப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் 'பிளாப்' என்ற ரப்பர் பட்டை மடங்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று கை விட்டுப் பார்ப்பார்கள்.

டயர் செத்த பிறகும் விட மாட்டார்கள். டியூப்பில் நாம் கிணற்று நீச்சல் பழகினோம். டயர் செருப்பானது, மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியானது. சக்கரமும் டயரும் சேர்ந்து டிராக்டர் டிரெய்லருக்குப் போயின. இவ்வளவு சிக்கனத்தில் ஒரு தப்பும் இல்லை. அந்தச் சிக்கனம் சக்கரத்தின் ரிங்குக்கும் போன போதுதான் ஆபத்து வந்தது.

ரிங்

சைக்கிள் டயரை லீவரால் நெம்பி ரிம்முக்குள் தள்ளிவிடலாம். லாரி டயரின் ஓரத்தில் தடித்த எஃகுக் கம்பி வளையம் இருப்பதால் அது நெளியாது. ஆகவே ரிம்மின் ஒரு பக்க ஓரத்தைத் தனி வளையமாகச் செய்தார்கள். டயரை நேராக உள்ளே நுழைத்து, அந்த வளையத்தை வைத்து, அது வெளியே வராமல் 'லாக் ரிங்' என்ற வெட்டு வளையத்தை ரிம்மின் பள்ளத்தில் தட்டி உட்கார வைப்பார்கள். அதை வெளியே தள்ளப் பார்ப்பது காற்று. அந்தப் பள்ளமும் வளையமும் ஒழுங்காகக் கவ்வியிருந்தால்தான் காற்று உள்ளே நிற்கும்.

எவ்வளவு தள்ளும்? 9.00-20 டயரின் விட்டம் சுமார் 40 அங்குலம். ரிம் 20 அங்குலம். நடுவில் உள்ள வளையப் பரப்பு சுமார் 942 சதுர அங்குலம். லாரி டயரில் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு காற்று என்று வைத்துக்கொண்டால், 94,200 பவுண்டு. அதாவது 42 டன்னுக்கு மேல். அதில் பாதிதான் ரிங் பக்கம் வருகிறது என்றாலும் 20 டன்னைத் தாண்டுகிறது. இந்தக் கணக்கை நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போட்டுப் பார்க்கவில்லை.

1983-ல் ஒரு நாள், எங்கள் கிளையில் கடன் வாங்கிய லாரி ஆய்வுக்கு வந்தது. ஸ்டெப்னியில் காற்று இல்லை. "சரி பண்ணி நாளைக்குக் கொண்டு வாங்க, அப்புறம் கையெழுத்து" என்று உரிமையாளரிடம் சொன்னேன். சட்டப்படி சரியான பேச்சு. அவர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பஞ்சர் கடைக்குப் போனார். நானும் டீ குடிக்க அந்தப் பக்கம் போனேன். கடைப் பையனுக்குப் பதினெட்டு வயதிருக்கும். ரிங் ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. காற்று ஏறிக்கொண்டிருக்கும் போதே சுத்தியலால் அதைத் தட்டிக்கொண்டிருந்தான். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

வெடி போல ஒரு சத்தம். பக்கத்துக் கடையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை உடைத்துக்கொண்டு ரிங் போய் விழுந்தது. பையன் உயிர் பிழைத்தான். வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. பிறகு பார்த்தால், அந்த ரிங் அந்த ரிம்முக்கு உரியதே இல்லை. வேறு கம்பெனி ரிங். பார்வைக்கு ஒன்றாகத்தான் இருக்கும். பள்ளத்தின் உள்ளே துரு வேறு.

ஒரு வருடம் கழித்து அந்தப் பையன் எங்கள் கிளைக்குச் சேமிப்புக் கணக்கு தொடங்க வந்தான். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். கையெழுத்து போடத் தெரிந்தவன். போட்டுப் பழகிய கைதான் இல்லை. இடது கைப் பெருவிரல் ரேகையை உருட்டி வைத்த போது அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் கையெழுத்து போட மறுத்தவன் நான் என்று அவனுக்குத் தெரியாது.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் இப்படிப் பல துண்டு ரிம்களால் ஏராளமான தொழிலாளர்கள் செத்தும் ஊனமாகியும் போனார்கள். 1980-ல் அங்கே தொழிலிடப் பாதுகாப்பு விதி வந்தது. கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும், அடிப்பவர் தள்ளி நிற்க வேண்டும், ரிங்கும் ரிம்மும் பொருத்தமானவைதானா என்று முத்திரையைப் பார்க்க வேண்டும், வளைந்ததையும் துருப்பிடித்து அரித்ததையும் வெல்டிங் செய்து ஓட்டக்கூடாது. இவ்வளவும் இரும்புக் கம்பியில் ஒரு கூண்டும் நீளமான ஒரு குழாயும் இருந்தால் முடிகிற வேலை.

டி பிளாக் வண்டிக்கு வருவோம்

பொங்கலுக்கு மறுநாள் நண்பர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கோபமாகத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். "வாங்க சார், வந்து காட்டுங்க" என்றார். டார்ச் எடுத்துக்கொண்டு போனோம்.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அவருடைய டயர் நான்கில் 2604 என்று இருந்தது. அதாவது 2004-ம் வருடத்தின் 26-வது வாரம். மற்ற இரண்டில் மூன்று இலக்கம்தான். மூன்று இலக்கம் என்றால் 2000-க்கு முந்தியது. வரி தேயவில்லை, உண்மைதான். அப்பா டயர் போட்ட கொஞ்ச நாளில் வண்டியை நிறுத்திவிட்டார். ஆனால் ரப்பர் நின்ற இடத்திலேயே காற்றாலும் வெயிலாலும் இறுகிக்கொண்டே போகும். டார்ச் வெளிச்சத்தில் வரிகளுக்கு நடுவே மயிரிழை போல வெடிப்புகள் தெரிந்தன. பத்து வருடத்தைத் தாண்டிய டயரை வரி இருந்தாலும் ஓட்டாதீர்கள் என்று பல டயர் கம்பெனிகளே சொல்கின்றன. இதைத்தான் எங்கள் மேனேஜர் கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் என்றார். ஓடினால் கிலோமீட்டருக்குத் தேய்மானம், நின்றால் வருடத்துக்குத் தேய்மானம். கார் வைத்திருப்பவர்கள் உங்கள் ஸ்டெப்னியின் இலக்கத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பல பேர் வீட்டில் அது காரை வாங்கிய நாளிலிருந்து தரையைத் தொட்டிருக்காது.

அனுபவமுள்ள ஒரு பழைய டயர்க்காரரை நண்பர் வரவழைத்தார். அவர் முதலில் செய்தது எல்லா டயரின் வால்வையும் கழற்றிக் காற்றை முழுதாக இறக்கியது. பிறகே நட்டில் ஸ்பானர் வைத்தார். பழைய டாட்ஜ், ஃபார்கோ, சில ஆங்கில லாரிகளில் இடது பக்கச் சக்கர நட்டு எதிர்த் திசையில் கழலும், தெரியாமல் மிதித்து போல்ட்டை முறித்தவர்கள் நிறைய என்று சொல்லிக்கொண்டே கழற்றினார். ஆறு சக்கரத்தையும் பிரித்துக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். ஒரு லாக் ரிங்கை எடுத்துத் தரையில் வைத்து லேசாக ஒரு தட்டு தட்டினார். இரண்டாக உடைந்தது. பள்ளத்தில் உட்கார்ந்திருந்த உள்பக்கத்தைத் துரு பாதிக்கு மேல் தின்றிருந்தது. வெளிப்பக்கம் வர்ணம் பளபளவென்று இருந்தது.

நண்பர் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். "பிள்ளைகள் மேலே உட்கார்ந்திருப்பாங்க சார்" என்றார். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

ஆறில் நான்கு சக்கரம் நல்லது என்று தேறியது. இரண்டு கழிந்தது. புதுப்பேட்டையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம். ரிம் கிடைத்தால் ரிங் பொருந்தவில்லை. ரிங் கிடைத்தால் முத்திரை அழிந்திருந்தது. 'இது எல்லாத்துக்கும் சேரும் சார்' என்று ஒரு கடையில் சொன்னதும் டயர்க்காரர் எங்களை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கடைசியில் நண்பரின் ஊரிலேயே, ஒரு டிராக்டர் டிரெய்லரில் அதே வகைச் சக்கரம் இரண்டு, அதற்கே உரிய ரிங்கோடு கிடைத்தது. டிரெய்லர்க்காரருக்கு வேறு சக்கரம் வாங்கிக் கொடுத்து இதை வாங்கி வந்தார்.

டயருக்குச் சிரமமே இல்லை. 9.00-20, நைலான், புதியது ஆறு, டியூப்பும் பிளாப்பும் புதியது. ரேடியல் போடலாமா என்று கேட்டார். பழைய ரிம் ரேடியலுக்காகச் செய்ததல்ல, பழைய வகையே இருக்கட்டும் என்றார் டயர்க்காரர். காற்றடித்த அன்று வளாகத்துக்குள் வேண்டாம் என்று கூண்டு இருக்கும் கடைக்கே சக்கரங்களைக் கொண்டு போனோம். செலவு கொஞ்சம் அதிகம்தான். நண்பர் கணக்குக் காட்டினார். பழைய வழக்கத்தில் நானும் ஒரு முறை கூட்டிப் பார்த்தேன்.

இனி வண்டி நிற்கும் போதெல்லாம் அச்சுக்குக் கீழே கட்டை கொடுத்து, டயரில் பாரம் இறங்காமல் வைக்கப் போகிறார். தார்ப்பாயால் வெயில் மறைக்கிறார். மாதம் ஒரு முறை காற்று பார்க்கிறார். டயரில் தேதி எழுதி நோட்டும் போட்டிருக்கிறார். பழைய டயர் ஆறையும் யாரும் எடுத்து ஓட்டாதபடி அவரே நின்று வெட்டச் சொன்னார். விலைக்குக் கேட்டவர்கள் இருந்தார்கள். கொடுக்கவில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் கேட்டுக்கு வரும் தண்ணீர் லாரிகளில் பலவற்றுக்கு இன்னும் ரிங் போட்ட சக்கரம்தான். அவர்கள் டயர் மாற்றும் போதோ காற்றடிக்கும் போதோ பிள்ளைகளை வேடிக்கை பார்க்க விடாதீர்கள். நீங்களும் சக்கரத்துக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். சாலையோரக் கடையிலும் அப்படியே. அங்கே வேலை செய்கிற பையனிடம் "தம்பி, தள்ளி நின்னு அடிப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நான் 1983-ல் சொல்லாத வார்த்தை அது.

வரும் சித்திரை முதல் நாள் காலை, நாலு பக்கமும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அந்த வண்டி நம் வளாகத்தை இரண்டு சுற்று சுற்றும். பிள்ளைகளை அழைத்து வாருங்கள். ஏறுமுன் ஆளுக்கு ஒரு டயரின் நான்கு இலக்கத்தைப் படித்துச் சொல்ல வேண்டும், அதுதான் டிக்கெட் என்று நண்பர் சொல்லியிருக்கிறார். என் பேரன் இப்போதே மனப்பாடம் செய்துவிட்டான். முதல் ஆளாக ஏறப் போகிறானாம். இந்த முறை தாத்தாவும் ஏறுகிறேன்.